பழைய 540 ஜீப்: இரண்டாவது கியர் நிற்கவில்லை. கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கி மாற்றலாமா?

சாளைக்காரன், சத்தியமங்கலம்

வணக்கமுங்க. அப்பா காலத்து மஹிந்திரா 540 ஜீப், டீசல், நாலு கியர். தோட்டத்து வேலைக்கும் அவ்வப்போது தாளவாடி போய்வரவும் ஓடுகிறது. திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. 27 கொண்டை ஊசி வளைவையும் ஒரு கையில் கியர் லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கிறது. ஓடும்போது ஓர் ஊளைச் சத்தமும் உண்டு. பட்டறையில் "பாக்ஸையே மாத்திருங்க" என்கிறார்கள். அதே மாடலில் ஓடிய பாக்ஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. களத்தில் சிமென்ட் தரை இருக்கிறது, செயின் பிளாக் இருக்கிறது, ஒத்தாசைக்குத் தம்பி இருக்கிறான். நாங்களே செய்யலாமா?

லேத்துக்காரர், கணபதி

செய்யலாமுங்க. ஆனால் கெட்டது எது என்று தெரியாமல் எதையும் இறக்காதீர்கள். கியர் நிற்காததும் ஊளைச் சத்தமும் ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் சத்தம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் வருகிறதா? அப்படியென்றால் பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால், கிளட்சை அமுக்கி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இரண்டும் இல்லை, ஓடும்போது மட்டும்தான் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸையும் (கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்து சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கணக்கில் எடுங்கள். பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும் பழைய ஜீப்புகளில், சாதாரண டூ வீல் ஓட்டத்திலும் சக்தி டிரான்ஸ்ஃபர் கேஸின் இடைக் கியர் வழியாகத்தான் போகும். அந்தக் கியரின் பேரிங் தேய்ந்திருந்தால், புது கியர்பாக்ஸ் போட்டாலும் ஊளை போகாது.

அடுத்து, கியர் கழன்றுகொள்வது. பாக்ஸின் மேல் மூடிக்குள் லீவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் இரும்புக் குண்டும் இருக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ கியர் நிற்காது. தரைத் தகட்டைக் கழற்றினால் மூடியை மேலிருந்தே திறந்து பார்த்துவிடலாம். மூடியைத் திறந்த கையோடு கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் தேய்மானத்தையும் பாருங்கள்.

சங்ககிரி லாரிக்காரன்

எண்ணெயை வடித்தீர்களா? வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். பொன்னிறத் தூள் மின்னினால் சிங்க்ரோ ரிங் (கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை வளையம்) தேய்கிறது. காந்தத்தில் செதில் செதிலாக ஒட்டினால் கியர் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது. பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஓடையில் இறக்கும் வண்டிகளில் இது சகஜம்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டின் நிரப்பு நட்டையும் திறந்து மட்டம் பாருங்கள். நடுவில் சீல் போய்விட்டால் ஒன்றில் இருக்கும் எண்ணெய் மற்றொன்றுக்குப் போய்விடும். ஒன்று வழியும், ஒன்று காய்ந்துகிடக்கும்.

மலைவண்டி, வால்பாறை

எப்படியும் இறக்கத்தானே போகிறீர்கள், ஐந்து கியர் பாக்ஸாகப் போட்டுவிடுங்களேன். ரோட்டில் எஞ்சின் அலறாமல் ஓடும்.

லேத்துக்காரர், கணபதி

அது வேறு வேலைங்க. பாக்ஸின் நீளம் மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டையும் வெட்டி ஒட்ட வேண்டும், தாங்கும் சட்டத்தை நகர்த்த வேண்டும். தோட்டத்துக்கும் திம்பத்துக்கும் ஓடுகிற வண்டிக்கு அந்தச் செலவு வீண் என்பது என் எண்ணம்.

சாளைக்காரன், சத்தியமங்கலம்

பார்த்துவிட்டேனுங்க. ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணெயில் பொன்னிறத் தூள் நிறைய, காந்தத்தில் செதிலும் ஒட்டியது. கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறது. ஆக, பாக்ஸ்தான். ஞாயிற்றுக்கிழமை இறக்கப் போகிறோம். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

லேத்துக்காரர், கணபதி

முதல் விஷயம் ஹேண்ட்பிரேக். இந்த வகை ஜீப்புகளில் அதன் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கும். பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியில் ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான், வண்டி உருளும். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் அடியில் படுக்க வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்த இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் நொறுங்கும்.

பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை எடுத்தால் எஞ்சினின் பின்பக்கமும் சேர்ந்து தொங்கும். சம்ப்புக்கு (எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி) கீழே பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். படுதாவை அவிழ்த்துவிட்டு, கிணற்று மோட்டார் தூக்கும் முக்காலியை மேலே நிறுத்திச் செயின் பிளாக்கை மாட்டினால் வேலை சுலபம்.

டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்தே இறக்குங்கள். அடியில் படுத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க மூடியைத் திறந்தால் மெயின் ஷாஃப்ட் முனையில் காட்டர் பின் குத்திய நட்டு தெரியும், அதைக் கழற்றிவிட்டுப் பிரியுங்கள். பிரிக்கும்போது மெயின் ஷாஃப்ட் கூடவே பின்னால் வந்துவிடாமல் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வந்துவிட்டால் உள்ளே சிங்க்ரோ அடுக்கு கலைந்துவிடும். ஓடிய பாக்ஸுக்கும் புது சீலைப் போட்டே மாட்டுங்கள்.

ஏற்றும்போது பாக்ஸின் கனத்தை அதன் முன் ஷாஃப்ட்டில் தொங்கவிடாதீர்கள். கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கோணிவிடும், அப்புறம் கிளட்ச் விடாது. மேல் போல்ட் இரண்டுக்குப் பதிலாக, தலை அறுத்த நீள போல்ட்டை எஞ்சின் பக்கம் முடுக்கிவிட்டால் பாக்ஸ் அதன் மேல் வழுக்கி நேராகப் போய் உட்காரும். உட்காரவில்லை என்றால் போல்ட்டை முடுக்கி இழுக்காதீர்கள், போல்ட் மாட்டும் காது உடையும். நாலாவது கியரில் போட்டு, பின் ஃபிளாஞ்சைக் கையால் லேசாகத் திருப்பினால் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் (வரிப்பல்) பிளேட்டில் பிடித்துக்கொள்ளும்.

கிளட்ச் பிளேட்டைக் கழற்றினால், திரும்ப நடுவில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் வேண்டுமே? உங்கள் பழைய பாக்ஸின் முன் ஷாஃப்ட்டே போதும், கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் பேரிங்கையும் முன் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ்ஷையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

சங்ககிரி லாரிக்காரன்

எண்ணெய் வாங்கும்போது 90 நம்பர் என்று மட்டும் கேட்காதீர்கள். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரம் கேளுங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயில் கந்தகச் சேர்மானம் அதிகம், பித்தளை சிங்க்ரோ ரிங்கை அது அரிக்கக்கூடும். முதலில் ஊற்றியதைச் சீக்கிரமே வடித்து, மறுபடியும் தட்டில் பாருங்கள்.

சாளைக்காரன், சத்தியமங்கலம்

சரிங்ண்ணா. முக்காலிக்குப் பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் சொல்லிவிட்டேன். சீலும் பேரிங்கும் வாங்க நாளைக்குக் கோவை உக்கடம் போகிறேன்.