சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு: உங்கள் அனுபவம் என்ன?

சிங்கப்பூரிலிருந்து:

சீனத்தை ஆங்கிலமாக்கியவர்கள், அப்படி வந்த ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர்கள், எல்லோரும் எழுதுங்கள். நான் தொடர் நாடகங்களுக்கு சப்டைட்டில் போடுகிறேன்.

'செங்யு' என்னும் நாலெழுத்து மரபுத்தொடர்தான் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய தொல்லை இல்லை. 'பாம்பு வரைந்து கால் சேர்ப்பது' என்று ஒன்று உண்டு. யார் முதலில் பாம்பு வரைகிறாரோ அவருக்கே மது என்று போட்டி. ஒருவன் சட்டென்று முடித்துவிட்டு, நேரம் இருக்கிறதே என்று கால் வரைய ஆரம்பித்தான். அதற்குள் அடுத்தவன் முடித்து, "பாம்புக்கு ஏதய்யா கால்?" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்துவிட்டான். அப்படியே ஆங்கிலத்தில் போட்டாலும் யாருக்கும் புரியும்.

என்னைப் பாடாய்ப் படுத்துவது 'ஷின்கூ லெ'. வேலை முடித்து வருபவரிடம் வாய் தானாகச் சொல்வது. நேர்ப்பொருள் 'சிரமப்பட்டுவிட்டீர்கள்'. 'தேங்க் யூ ஃபார் யுவர் ஹார்ட் வொர்க்' என்று போட்டால் அலுவலகக் கடிதம் ஆகிவிடும். வாசலில் நிற்கும் மகளிடம் அம்மா அப்படியா பேசுவாள்? நான் காட்சிக்குக் காட்சி மாற்றிப் போடுகிறேன். சில இடங்களில் 'யூ ஆர் ஹோம்' என்பதே போதும்.

சீனாவின் யீவூ மொத்தச் சந்தைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்:

எனக்குச் சீனம் வராது. கூட வரும் மொழிபெயர்ப்பாளர் பொண்ணு ஆங்கிலத்தில் சொல்வதுதான் வேதவாக்கு. அங்கே நான் முதலில் கற்ற சொல் 'சா பு துவோ'. சாம்பிளையும் சரக்கையும் காட்டி ஒரே நிறமா என்று கேட்டால் கடைக்காரர் இதைத்தான் சொல்வார். 'ஆல்மோஸ்ட் சேம்' என்பாள் அந்தப் பொண்ணு. அந்த ஆல்மோஸ்ட்டுக்குள் ஒரு கன்டெய்னரே நிற்கும். இப்போதெல்லாம் அந்தச் சொல் காதில் விழுந்ததும் இரண்டையும் வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன்.

விலை குறைக்கக் கேட்டபோது 'ட்ஸாய் ஷுவோ பா' என்றார் ஒருவர். 'வீ டாக் அகெய்ன்' என்று வந்தது ஆங்கிலம். எனக்கு அதில் நம்ம ஊர் 'பார்க்கலாம்' வாசனை அடித்தது. அடுத்த கடைக்கு நடையைக் கட்டினேன்.

டெல்லியில் சீனம் படித்தவர்:

எங்கள் வகுப்பில் வாரக்கணக்கில் சண்டை போட்டது 'பு ஜெதெங்' பற்றி. 2008 டிசம்பர் 18 அன்று, பொருளாதாரச் சீர்திருத்தத்தின் 30ஆம் ஆண்டு விழாவில், அப்போதைய சீன அதிபர் ஹூ ஜின்தாவ் பேசியது: தடுமாற மாட்டோம், தளர மாட்டோம், பு ஜெதெங். தூக்கம் வராமல் புரள்வது, செய்ததையே கலைத்துக் கலைத்துச் செய்வது, மனிதரை அலைக்கழிப்பது, எல்லாம் 'ஜெதெங்'தான்; 'பு' என்றால் மறுப்பு. மாவோ காலத்து அரசியல் இயக்கங்களை நினைக்காமல் எந்தச் சீனரும் அதைக் கேட்டிருக்க மாட்டார். அந்த மாதக் கடைசியில் பெய்ஜிங் செய்தியாளர் கூட்டம் ஒன்றில் அந்தச் சொல் திரும்ப வந்தபோது, மொழிபெயர்ப்பாளர் ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே 'பு ஜெதெங்' என்றே சொல்லிவிட்டார். அரங்கமே சிரித்தது. நழுவிவிட்டார் என்றார் எங்கள் ஆசிரியர். எனக்கு அது துணிச்சலாகவே படுகிறது.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 2010 மார்ச்சில் பிரதமர் வென் ஜியாபாவ் கவிஞர் ச்சூ யுவானின் வரியைச் சொன்னார்: ஒன்பது முறை செத்தாலும் வருந்தேன். மொழிபெயர்த்த ஜாங் லூ அதை ஆயிரம் முறை ஆக்கினார். பழஞ்சீனத்தில் ஒன்பது என்றால் எண்ணிக்கை இல்லை, 'எத்தனை முறையானாலும்' என்றுதான் பொருள். மேடையிலேயே, கையில் அகராதி இல்லாமல் செய்தது அது.

பினாங்கிலிருந்து:

உறவுமுறையை யாரும் தொடவில்லையே! பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு வந்த கடிதத்தை அவர் பேரனுக்காக ஆங்கிலத்தில் சொன்னேன். 'போபோ', 'ஷூஷூ', 'ஜியூஜியூ' மூவரும் அங்கிள் ஆகிவிட்டார்கள். யார் பணம் அனுப்பியது என்று பையனுக்கு விளங்கவே இல்லை. நமக்கென்றால் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, முடிந்தது வேலை.

ஆனால் முழுக்க ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதீர்கள். அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் 'தாங்'. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, சித்தி பிள்ளை எல்லாம் 'பியாவ்' என்ற ஒரே கூடையில்.

மீண்டும் சிங்கப்பூர்:

பினாங்குக்காரர் சொன்னதும் 'சிவப்பு மாடத்துக் கனவு' நினைவுக்கு வந்தது, 18ஆம் நூற்றாண்டு நாவல். நாயகன் பாவ்யூவைச் சுற்றி இரண்டு பெண்கள், தாய்யூ, பாவ்ச்சாய். இருவருமே பியாவ், ஆங்கிலத்தில் இருவருமே கசின். வம்சாவளியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தாய்யூ அத்தை மகள், அசல் முறைப்பெண். பாவ்ச்சாய் சித்தி மகள், நம் கணக்கில் அக்கா முறை! குடும்பத்தார் அவனுக்குக் கட்டி வைப்பது பாவ்ச்சாயை. இதைத் தமிழில் யாராவது சப்டைட்டில் போட்டால் 'சித்தி மகள்' என்று எழுதுவீர்களா, இல்லை 'உறவுக்காரப் பெண்' என்று சமாளிப்பீர்களா?