ஓதம் ஏறிய சுவர், துரு தின்ற சீலிங், எழும்பிய டைல்ஸ்: நாங்கள் பட்ட அனுபவங்கள்

கும்பகோணம் பக்கம், காவிரிக்கு நெருக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியது. அப்பா காலத்தில் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினார்கள், அதற்கு அப்புறம்தான் கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம், அதாவது தரை ஈரம், ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயின்டர் வந்து உரிந்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பும், விரலை வைத்தால் பெயின்ட் தோலாக உரிந்து உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி பொலபொலவென்று கொட்டும். அந்தப் பொடி உப்பு. மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது, தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் பூச்சுக்குப் பின்னால் தங்கிப் பூத்து பூச்சையே தள்ளிவிடும். இதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பட்டி பூசினாலும் நிற்காது.

ஊரில் வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். சுவரைத் தொடுவதற்கு முன்பே வெளியே போய்த் தெருவைத்தான் பார்த்தார். ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டுப் போட்டுத் தெரு எங்கள் திண்ணை மட்டத்துக்கே வந்துவிட்டது, மழைத் தண்ணீர் சுவரோரமாகவே நிற்கிறது. "தம்பி, வியாதி வெளியில இருக்கு, நீங்க உள்ள மருந்து தடவுறீங்க" என்றார். பிறகு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஓதம் அடித்த இடத்தில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டச் சொன்னார். மறுநாள் தாளுக்கு உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர். அப்படியென்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையின் புழுக்கம் என்று அர்த்தம், ஜன்னலைத் திறந்துவைத்தாலே பாதி சரியாகிவிடும். செலவே இல்லாத இந்தச் சோதனையைப் பட்டி பார்ப்பதற்கு முன்னால் எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

வேலை இப்படி நடந்தது. முற்றத்துப் பக்கம் சுவரோரம் சேர்ந்திருந்த மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் விலகி ஓட வாட்டம் கொடுத்தார்கள். ஓதம் தெரிந்த கோட்டுக்கு மேலே இன்னும் ஓர் அடி வரை சிமென்ட் பூச்சை முழுக்கக் கொத்தி, செங்கல் இடுக்குகளையும் சுரண்டிவிட்டு, கோடை முழுக்கச் சுவரை அப்படியே திறந்து போட்டோம். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும்தான் தட்டி எடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். அப்புறம் நீற்றிய சுண்ணாம்பும் ஆற்று மணலும் ஒன்றுக்கு மூன்று, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த கலவை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும், அதனால் அவசரப்படுத்தாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். மேலே வெறும் வெள்ளையடிப்பு, பிளாஸ்டிக் பெயின்ட் கிடையாது. அடியில் இன்னும் ஈரம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் சிமென்ட் பூச்சில் போல உள்ளே சிக்காமல் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடுவதால் கொப்புளம் இல்லை.

*

கும்பகோணத்து அண்ணா எழுதியதைப் படித்ததும் எங்கள் சீலிங் கதையைச் சொல்லத் தோன்றியது. சென்னையில் கடலோரம் பழைய அடுக்குமாடி. சமையலறை சீலிங்கில் முதலில் மயிர்க்கோடாக ஒரு விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, ஒருநாள் காலையில் தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. நல்லவேளை, யாரும் அங்கே இல்லை. மேலே பார்த்தால் கம்பி அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நிற்கிறது. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கல்தான் கான்கிரீட்டை உடைக்கிறது. சிலாபில் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கான்கிரீட்டாவது இருக்க வேண்டும், எங்களுக்கு விரல் கனம்கூட இல்லை, கம்பியை உயர்த்திப் பிடிக்கிற சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமலே போட்டிருக்கிறார்கள்.

முதலில் வந்தவர் சிமென்ட் கலவையை அப்பிவிட்டு பட்டி பார்த்தால் போதும் என்றார், அவரை அனுப்பிவிட்டோம். அடுத்து வந்தவர்கள் முதலில் மேல்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தேக்கிப் பார்த்து, கசிவு தரைக் குழாய் மூட்டில் என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்தார்கள். அதன் பிறகு, கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவுக்குக் கொத்தி, கம்பி பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் பாலிமர் சேர்த்த கலவை. அதையும் ஒரே தடவையில் தடிமனாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாக ஏற்றினார்கள். மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்தார்கள். சீலிங் வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் "கம்பிக்குப் பின்னால் கொத்துவீர்களா" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

*

எங்களுக்குத் தொல்லை தரையில். மதுரையில் நல்ல கோடை, நடு ராத்திரியில் டமார் என்று சத்தம், ஹாலில் ஒரு வரிசை டைல்ஸ் கூடாரம் போல எழும்பி நின்றது. கண்ணாடி போல் இறுகச் சுட்ட விட்ரிஃபைட் டைல் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, அதனால் சிமென்ட் பாலைப் பிடித்துக்கொள்ளாது, அதற்கென்று இருக்கிற பசையில்தான் ஒட்ட வேண்டும். எங்கள் வீட்டில் வெறும் சிமென்ட்டில், அதுவும் மூலைக்கு ஒரு உருண்டை வைத்து, இடைவெளியே விடாமல் சுவர் வரை நெருக்கிப் பதித்திருந்தார்கள். சூட்டில் விரிய இடமில்லாவிட்டால் மேலேதானே கிளம்பும்? மீதி டைல்களை நாணயத்தால் தட்டிப் பார்த்து, பொக்குச் சத்தம் வந்ததையெல்லாம் எடுத்தோம். இந்த முறை பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும் பசை இழுத்து, டைலுக்கு டைல் இடைவெளி விட 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தோம், சுவரோரம் விட்ட இடைவெளி சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கு அடியில் மறைந்துவிட்டது.

கும்பகோணத்து அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பூஜை அறைச் சுவரிலும் ஓதம். கடுக்காய்த் தண்ணீர் எப்படிப் போட்டீர்கள்?

*

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் கிடைக்கும் தம்பி. இடித்து, வெல்லத்தோடு தண்ணீரில் போட்டு மூடி, புளித்து நுரை கட்டும்வரை விட்டு, வடிகட்டிக் கலவைக்கு ஊற்றினோம். ஆனால் முதலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள். பூஜை அறைக்குப் பின்னால் குளியலறை இருந்தால் அது ஓதமாக இல்லாமல் குழாய்க் கசிவாகவும் இருக்கலாம்.