92 அடியா, 28 மீற்றரா? பாலமீன்மடு வெளிச்சவீட்டுச் சண்டை

வாவிக்கரையான்:
மட்டக்களப்பு பாலமீன்மடு வெளிச்சவீட்டு விளக்கு 40 கிலோமீற்றருக்கு அங்கால நிக்கிற தோணிக்கும் தெரியுமாம். ஒருத்தர் எழுதிட்டார், எல்லாரும் பகிருறாங்க. 1913ல கட்டின கோபுரம், உயரம் 28 மீற்றர். அதுட வர்க்கமூலம் 5.29. பூமி வளைவுல விளக்கு மறையுற தூரம் பாக்க அத 2.08ஆல பெருக்கினா 11 கடல்மைல் (ஒரு கடல்மைல் 1.85 கிலோமீற்றர்). தோணிக்காரர்ட கண் தண்ணிக்கு 2 மீற்றர் மேல எண்டா இன்னும் 2.9. மொத்தம் 26 கிலோமீற்றருக்குள்ளதான்.

கல்லடிக்காரன்:
28 இல்ல, 92 அடி. அளவே பிழை, பிறகென்ன கணக்கு?

வாவிக்கரையான்:
28ஐ 3.28ஆல பெருக்கிப் பாருங்க அண்ணன்.

கல்லடிக்காரன்:
91.84 வருது. 92 எங்க?

பார்வீதி:
ரெண்டு பேரும் எங்கருந்து எது மட்டும் அளக்குறீங்க? விளக்கு கூரைக்குக் கீழதான் இருக்கும். பறுவத்துக்குக் கடல் பெருகி ஏறுற மட்டத்திலருந்து விளக்குட நடு மட்டும் உள்ள உயரம்தான் கணக்குக்கு வேணும். கோபுரத்துட உயரம் இல்ல.

கல்லடிக்காரன்:
அது கிடக்கட்டும் தம்பி. 92 அடி.

நெய்தல்:
முதல்ல "வெளிச்சவீடு" எண்டுறத விடுங்க. கலங்கரை விளக்கம் எண்டு நல்ல தமிழ் இருக்கு.

பார்வீதி:
டவுனுல ஆட்டோக்காரரிட்ட அப்பிடிக் கேட்டுப் பாருங்க, எங்க இறக்கி விடுறார் எண்டு.

நெய்தல்:
ஆட்டோக்காரரா தமிழுக்கு அகராதி?

கல்லடிக்காரன்:
மேகத்துல படுற வெளிச்சம் 40க்கும் தெரியும். அத ஏன் மறைக்கிறீங்க?

வாவிக்கரையான்:
அது வானத்து மினுக்கம். திசை பிடிக்கலாம், தூரம் பிடிக்க ஏலா. விளக்கு அடிவானத்துல தலைகாட்டுற இடத்துல, அலை தோணியத் தூக்கேக்க தெரியும், இறக்கேக்க மறையும். அந்த இடத்துலதான் மேல சொன்ன கணக்கு சரிவரும். பனிப்புகார் கிடந்தா அதுவும் இல்ல. 40 கிலோமீற்றருக்கு விளக்கு 80 மீற்றர் உயரத்துல நிக்கணும். இலங்கையிலயே உயரமான தேவேந்திரமுனைக் கோபுரமே 49தான்.

கல்லடிக்காரன்:
நம்மட வாவியில பாட்டுக் கேக்குற பாடும் மீன் கதையிலயும் இப்பிடித்தான் மீனில்ல, சிப்பி எண்டு நிண்டீங்க. மட்டக்களப்பான் ஊர மட்டந்தட்டிக் கதைக்கிறதா?

வாவிக்கரையான்:
ஊரையும் மீனையும் விடுங்க. 92க்கு உங்களுக்குக் குறையிறது 0.16 அடி, ரெண்டு அங்குலம். நாலு தரம் சுண்ணாம்பு பூசினா வந்திடும்.

கல்லடிக்காரன்:
அப்ப 92 எண்டு ஒத்துக்கொண்டீங்க.

வாவிக்கரையான்:
28.

நெய்தல்:
கலங்கரை விளக்கம்.