67 வயது வரும்வரை மருத்துவத்துக்கு என்ன வழி? பிரிட்டனிலிருந்து ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தவர்களின் அனுபவங்கள்

57 வயதில் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு லண்டனிலிருந்து அலிகான்டே வந்து மூன்று மாதம் ஆகிறது. வீடு, வங்கிக் கணக்கு, சாமான் ஏற்றும் செலவு என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டோம். மருத்துவத்துக்கு மட்டும் "அதுதான் எஸ்1 படிவம் இருக்கிறதே" என்று அசட்டையாக இருந்துவிட்டேன். பிரிட்டன் செலவில் ஸ்பெயினின் அரசு மருத்துவத்தைப் பெற வைக்கும் படிவம் அது.

எஸ்1 முக்கியமாகப் பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு. எனக்கு வருவது கம்பெனி பென்ஷன், அது இதில் சேர்த்தி இல்லை. அரசு ஓய்வூதியத்துக்கு நான் 67 வரை காத்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு காலத்தில் சில மாதங்களுக்கு எஸ்1 கொடுத்தார்கள். 2014 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு யோசனை சொன்ன நண்பர் அதற்கு முன்பே போனவர்!

சரி, தனியார் காப்பீடு. வேலை செய்யாமல் தங்கும் விசாவுக்கு அது எப்படியும் வேண்டும். ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும், பயணக் காப்பீடு செல்லாது. 'கோபாகோ' இருக்கக் கூடாது; டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நம் கையிலிருந்து கட்டும் தொகை அது. 'கரென்சியா'வும் கூடாது, பாலிசி எடுத்த பிறகு சில சிகிச்சைகளுக்குக் காத்திருக்க வேண்டிய மாதங்கள். மலிவாக இருக்கிறதே என்று நான் முதலில் பிடித்தது கோபாகோ உள்ள பாலிசி. விண்ணப்பத்தோடு வைக்கும் நேரத்தில்தான் கவனித்தேன். மாற்றினோம், சந்தா ஏறியது.

அப்புறம் உடல்நலக் கேள்வித்தாள். மனைவிக்கு ஆறு வருடமாக ரத்த அழுத்த மாத்திரை. "கட்டுக்குள்தானே இருக்கிறது, எழுத வேண்டாம்" என்றார் முகவர். அவள் கேட்கவில்லை, எழுதினாள். பாலிசி வந்தபோது, இதயம், ரத்தக் குழாய் சம்பந்தப்பட்ட எதற்கும் பணம் கிடையாது என்று ஒரு பத்தி சேர்ந்திருந்தது. அன்று அவளோடு சண்டையே போட்டேன்.

* * *

உங்கள் மனைவி செய்ததுதான் சரி. நாங்கள் மலாகா பக்கம். நான் எழுதாமல் விட்டவன். மறைக்கும் எண்ணமில்லை, பழைய முதுகுவலியை யார் நோய் என்று நினைப்பார்கள்? இரண்டாம் வருடம் கால் மரத்துப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். "எத்தனை வருடமாக வலி?" என்று டாக்டர் கேட்க, நானும் வெள்ளந்தியாகப் பத்து வருடம் என்றேன். அது அப்படியே அறிக்கையில் ஏறியது. ஆபரேஷன் செலவைத் தர நிறுவனம் மறுத்துவிட்டது. பிரிட்டனுக்குப் போய் அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்றால், அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. பாஸ்போர்ட்டையும் முப்பது வருடம் வரி கட்டியதையும் காட்டி உள்ளே போக முடியாது. முழுக்கக் கைக்காசு.

* * *

கொன்வேனியோ எஸ்பெசியால் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஸ்பெயினில் ஒரு வருடம் தொடர்ந்து வசித்தபின், மாதம் 60 யூரோ கட்டி அரசு மருத்துவத்தில் சேரலாம். 65 வயதிலிருந்து 157 யூரோ. ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி ஒதுக்க மாட்டார்கள். எனக்குச் சர்க்கரை, அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. ஆனால் மாத்திரைக்குச் சலுகை கிடையாது, முழு விலை.

வந்த வாரமே நகராட்சியில் பத்ரோன், அதாவது குடியிருப்போர் பதிவேட்டில், பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். அந்த ஒரு வருடத்தை அதை வைத்துத்தான் காட்ட வேண்டியிருக்கும். வலென்சியா வந்த புதிதில் நான் நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். முடிவில் அதே நான்கு மாதம் கூடுதலாகத் தனியார் சந்தா கட்டினேன்.

* * *

முதலில் எழுதியவன்தான், ஒரு வருடம் கழித்து வருகிறேன். மனைவியைக் கொன்வேனியோவில் சேர்த்துவிட்டோம். இதய டாக்டரையும் பார்த்தாயிற்று. காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் அந்தப் பத்தியைக் காட்டி யாரும் திருப்பி அனுப்பவில்லை. எனக்கு இன்னும் தனியார் பாலிசிதான். மாத்திரை ரசீதுகளை அவள் ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கிறாள். எதற்கு என்று கேட்டால், "வருடக் கடைசியில் உங்கள் சந்தாவோடு வைத்துப் பார்க்கத்தான்" என்கிறாள்.