விஷச் சாராயம்: குடித்த அன்று நடமாடியவருக்கு மறுநாள் கண் இருள்வது ஏன்?

கேள்வி – வார்டு ஜன்னல்
2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்து போனார்களே, அதையொட்டி இரண்டு சந்தேகம். குடித்த அன்று சும்மா இருந்தவர்களுக்கு மறுநாள் கண் மங்குவது எப்படி? மெத்தனாலுக்கு மாற்று மருந்தாக எத்தனாலையே (வழக்கமான மதுவில் உள்ள ஆல்கஹால்) ஏற்றுவது எதற்கு?

பதில் – கல்லீரல்காரன்
மெத்தனால் மெத்தனாலாகவே இருக்கும்வரை லேசான போதைதான். கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்குகிறது. ஆளைக் கொல்வது இந்த அமிலம். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே அடைத்துவிடும்; முதலில் அடிபடுவது பார்வை நரம்பும் மூளையின் புட்டாமென் பகுதியும். அமிலம் சேர 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். கூடவே எத்தனாலும் உள்ளே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் மெத்தனாலை மாற்றும் கல்லீரல் நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும். உங்கள் இரண்டாம் கேள்விக்கும் விடை அதுவே.

பதில் – டிரிப் ஸ்டாண்டு
அந்தக் கல்லீரல் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் மருந்து இருந்தால் அதுதான் நல்லது: முதல் டோஸ் கிலோவுக்கு 15 மி.கி., பிறகு 12 மணிக்கொரு முறை 10 மி.கி. வீதம் நான்கு டோஸ். இல்லாத இடத்தில் எத்தனால்; ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100–150 மி.கி. நிற்க வேண்டும். டயாலிசிஸ் ஓடும்போது இரண்டு மருந்துமே வடிந்துவிடும். டோஸைக் கூட்ட மறந்தால் நொதி மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். எத்தனாலில் சர்க்கரையும் இறங்கும், அடிக்கடி குத்திப் பார்க்கணும். இதைப் படித்துவிட்டு வீட்டில் பிராந்தி ஊற்றிவிடாதீர்கள். அளவு நிற்காது, மயங்கினவருக்குப் புரையேறும்.

பதில் – ஏபிஜி
லேபில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ஆஸ்மோலார் இடைவெளி (ரத்தத்தில் கரைந்தவற்றின் செறிவை அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம்) அதிகம், அமிலம் இல்லை. நேரமானால் தலைகீழ்: ஆஸ்மோலார் இடைவெளி இயல்புக்கு வந்துவிடும், அனயான் இடைவெளி (ரத்தத்தில் அமிலம் சேர்ந்ததைக் காட்டும் கணக்கு) ஏறும். ஒன்றை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கணக்கிட்ட செறிவு: சோடியம் × 2 + சர்க்கரை ÷ 18 + யூரியா ÷ 6. நம்மூர் லேப் பெரும்பாலும் யூரியாவையே தருகிறது. புத்தகத்தில் வகுக்கச் சொல்லும் 2.8 யூரியா நைட்ரஜனுக்கானது. அதால் வகுத்தால் கணக்கிட்ட அளவு கூடி, இடைவெளி சின்னதாகத் தெரியும். செறிவை அளக்கும் ஆஸ்மோமீட்டரும் உறைநிலை முறையாக இருக்கணும். ஆவியழுத்த முறையில் மெத்தனால் சிக்காது.

கேள்வி – வார்டு ஜன்னல்
பார்வை மட்டும் மங்கல், பேச்சு தெளிவு என்றால் டயாலிசிஸுக்குக் காத்திருக்கலாமா?

பதில் – டிரிப் ஸ்டாண்டு
கூடாது. புதிதாகப் பார்வை மங்கினாலே டயாலிசிஸுக்குக் காரணம் போதும். வலிப்பு, கோமா, ரத்தத்தின் பிஹெச் (குறைந்தால் அமிலம் அதிகம்) 7.15-க்குக் கீழ் இருந்தாலும் அப்படியே. மிஷின் வரும்வரை அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட்டும், ஃபார்மிக் அமிலம் சிதைய உதவும் ஃபோலினிக் அமிலமும் ஓடட்டும். விஷத்தை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூள் இதில் வீண், மெத்தனாலை அது பிடிக்காது. அதே பாக்கெட்டில் குடித்த மற்றவர்களை, நன்றாக இருந்தாலும், இன்றைக்கே கூப்பிட்டு ரத்தம் எடுங்கள்.