தாத்தாவுக்கு ஏன் வயிற்றில் ஊசி?

*செல்வி அத்தை:* அப்பாவுக்குக் காய்ச்சல் 100-க்கு இறங்கிவிட்டது. ஆனால் இன்றும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஓர் ஊசி போட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்கவாம். நிமோனியாவுக்கு எதற்கு அது?

*முரளி சித்தப்பா:* அப்பாவுக்கு ஹார்ட்டில் ஒன்றும் இல்லையே அக்கா. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

*நித்யா:* சித்தப்பா, தயவுசெய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். எங்கள் வார்டில் நானே தினமும் எழுதுகிற ஊசி அது. நுரையீரலில் கிருமி புகுந்ததும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்ற புரதங்களை ரத்தத்தில் விடும். கிருமி வந்துவிட்டது என்று உடம்புக்குத் தகவல் சொல்பவை அவை. காய்ச்சல் அவற்றால்தான். அதே தகவல் ரத்தம் உறைவதையும் முடுக்கிவிடும்.

*செல்வி அத்தை:* காயமே இல்லாமலா?

*நித்யா:* ஆமாம் அத்தை. உறைதலைத் தொடங்கிவைக்கும் டிஷ்யூ ஃபேக்டர் வழக்கமாக ரத்தக்குழாய்க்கு வெளியே இருக்கும். கத்தி பட்டால்தான் ரத்தம் அதைத் தொடும். இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள் ஏறும்போது ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளணுக்களே அதைத் தங்கள் மேல் தாங்கிக்கொள்ளும். உறையவிடாமல் குழாய்ச்சுவர் வைத்திருக்கும் த்ரோம்போமாடுலினும் குறைந்துவிடும். உறைந்தது கரைவதும் மட்டுப்படும். போதாததற்குத் தாத்தா ஐந்து நாளாகப் படுக்கையிலேயே இருக்கிறார்.

*முரளி சித்தப்பா:* ரிப்போர்ட்டில் ஈஎஸ்ஆர் 88 என்று இருந்ததே, அதுவும் இதனால்தானா?

*நித்யா:* பெரும்பாலும் இதேதான். ஃபைப்ரினோஜனை அதிகம் செய்யும்படி கல்லீரலைத் தூண்டுவது இன்டர்லூக்கின்-6. ரத்தக்கட்டியின் இழை அதிலிருந்துதான் வருகிறது. அது கூடினால் சிவப்பணுக்கள் காசு அடுக்கிய மாதிரி ஒட்டிக்கொண்டு, நிற்க வைத்த குழாயில் சீக்கிரம் கீழே இறங்கும். அந்த வேகம்தான் ஈஎஸ்ஆர். 1 மணி நேரத்தில் 88 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது.

*முரளி சித்தப்பா:* சரி, கிருமியை விரட்ட வந்த உடம்பு ரத்தத்தை எதற்கு உறைய வைக்கிறது?

*நித்யா:* கிருமி பரவாமல் வலை போட்டுப் பிடிக்க. மிகப் பழைய வழக்கம் சித்தப்பா. ஒடிசா கடற்கரையில் லாட நண்டு இருக்கிறதே, நீல ரத்தம் உள்ளது? அதன் அமெரிக்க இனத்தில், சில வகை பாக்டீரியா பட்டதும் ரத்தம் கூழாக இறுகுவதை 1956-ல் ஃபிரெடரிக் பாங் என்ற ஆய்வாளர் எழுதினார். அதற்குக் காயத்தை அடைப்பதும் கிருமியைப் பிடிப்பதும் ஒரே அணுவின் வேலை. நமக்கு வேலை பிரிந்துவிட்டது, இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் தொடர்கிறது. ஊசி மருந்தில் பாக்டீரியா நச்சு உண்டா என்று பார்க்கப் பல காலமாக அந்த நண்டு ரத்தத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். படித்த நாளிலிருந்து எனக்கு அந்த நண்டின் மேல் தனி மரியாதை.

*செல்வி அத்தை:* ஊசி போட்ட இடம் நீலம் பாய்ந்திருக்கிறது கண்ணு.

*நித்யா:* சின்னதாக இருந்தால் பயமில்லை, தேய்க்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க, முழங்காலுக்குக் கீழே தெரியும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள்.

*செல்வி அத்தை:* டேப் வாங்கி அளந்தேன். வலது 31, இடது 31.5 சென்டிமீட்டர்.

*நித்யா:* நல்லது அத்தை. வித்தியாசம் 3-ஐத் தாண்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு திடீரென்று வாங்கினாலோ எந்த நேரமானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

*முரளி சித்தப்பா:* சாயங்காலம் நான் வருகிறேன் அக்கா. டாக்டர் சரி என்றால் அப்பாவை வராந்தாவில் கொஞ்சம் நடக்க வைப்போம்.

*செல்வி அத்தை:* வா தம்பி. வரும்போது அப்பாவின் ரப்பர் செருப்பை எடுத்து வா, தரை வழுக்குகிறது.