நயம் பாராட்டச் சொன்னால் பொழிப்புரையே வருகிறது

கேள்வி:
முதுகலைத் தமிழ் படிக்கிறேன். 'நயம் பாராட்டுக' என்று பார்த்ததுமே கை பொழிப்புரை எழுத ஆரம்பித்துவிடுகிறது. போன தேர்வில் மூன்று பக்கம் எழுதினேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'பாட்டு எங்கே?' என்று ஒரே வரி. எதுகை, மோனை, அணி என்று தலைப்பு போட்டுத்தான் எழுதியிருந்தேன். பாட்டெல்லாம் மனப்பாடமாக வேண்டுமா?

பதில் 1:
வேண்டும், வேறு வழியில்லை. குறுந்தொகை 4 முதல் 8 அடிதானே. அகநானூறு 31 அடி வரை போகும். அதில் முக்கியமான ஐந்தாறு அடி போதும்.

பதில் 2:
பல வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். அந்தத் தலைப்புகளைத் தூக்கிப் போடுங்கள், தம்பி. மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும்.

குறுந்தொகை 40-ஐ எடுங்கள், காதலர் நெஞ்சம் கலந்ததைச் சொல்லும் 'யாயும் ஞாயும்' பாட்டு. 'செம்மண்ணில் மழைநீர் கலந்தது போல, இது உவமை' என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பாட்டின் சொற்களைப் பாருங்கள். யாய் (என் தாய்), ஞாய் (உன் தாய்). எந்தை (என் தந்தை), நுந்தை (உன் தந்தை). யான், நீ. மூன்று அடியிலும் என் பக்கம், உன் பக்கம் என்று தனித்தனியாக நிற்கிறது. நான்காம் அடியில் மழை பெய்கிறது. ஐந்தாம் அடியில் வெறும் 'அன்புடை நெஞ்சம்'. யாருடையது என்ற பேச்சே இல்லை! கலந்தது சொல்லிலேயே நடந்துவிட்டது. இதை எழுதினால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பேன்.

'செம்புலப் பெயல் நீர்' (செம்மண்ணில் பெய்த மழைநீர்) என்ற உவமையால்தான் புலவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வந்தது. அது ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

தினம் ஒரு பாட்டு, உரையை மூடி வைத்துவிட்டு, 'இந்தச் சொல் ஏன் இங்கே?' என்று மட்டும் கேட்டு எழுதிப் பழகுங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா. நேற்று அதே பாட்டுக்கு எழுதிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. மதிப்பெண் குறையுமோ?

பதில் 2:
ஒன்றரை தாராளம். துறையை, அதாவது யார் யாரிடம் எந்தச் சூழலில் சொல்வது என்பதை எழுதினீர்களா? பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன் சொல்வது அந்தப் பாட்டு. மண்ணில் கலந்த நீரைப் பிரித்தெடுக்க முடியாது என்பது அவள் பயத்துக்குப் பதில். அதை ஒரு பத்தியாகச் சேருங்கள்.